செத்த அசுவினியைத் தேடுங்கள்

மார்கழிப் பனி இறங்கியதும் அவரைக் கொடியின் கொழுந்தும் பூங்கொத்தும் கறுத்துப்போகும். எறும்பு வரிசை கட்டி ஏறும். இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். அசுவினிப் பூச்சி வந்தாயிற்று.

அவரைக்கு எதிரி இந்த அசுவினி; நண்பன் அதை அழிக்கும் ஒரு குளவி. எதிரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆணும் தேவையில்லை, முட்டையும் கிடையாது. நேரே குட்டி போடும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறைக் கரு. ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் தாய்.

குளவியின் கதைதான் ருசி. குளவி என்றதும் பயப்பட வேண்டாம். டிரையாக்சிஸ் இண்டிகஸ் என்ற இந்த ஒட்டுண்ணிக் குளவி எள்ளைவிடச் சிறியது, நம்மைக் கொட்டாது. வயிற்றைக் கால்களுக்கு நடுவே முன்னால் வளைத்து அசுவினிக்கு ஒரு குத்து. உள்ளே ஒரு முட்டை போய்விடும். அசுவினி பாட்டுக்குச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்க, புழு அதை உள்ளிருந்தே தின்னும். கடைசியில் தோல் மட்டும் உப்பி விறைத்து, பழுப்புக் கூடாக இலையில் ஒட்டி நிற்கும். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் அதில் வட்டமாக ஒரு மூடி வெட்டிக்கொண்டு குளவி வெளியே வரும்.

என் கவலையெல்லாம் இந்தக் கூட்டைப் பற்றித்தான். உப்பிக் கிடப்பதைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு டேங்க் மருந்து அடித்து, குளவியையும் கொன்றுவிடுகிறோம். தப்பிய நாலு அசுவினி போதும், கொடி மறுபடி கறுத்துவிடும். குளவிக்கு அந்த வேகம் இல்லை. அது பெருக, கொஞ்சம் அசுவினியாவது செடியில் மிச்சம் இருக்க வேண்டும். விட்டுவைக்கத்தான் நமக்கு மனசு வருவதில்லை. அசுவினிக்கென்று கட்டும் மஞ்சள் ஒட்டுப்பொறியில் இந்தக் குளவியும் மாட்டிக்கொள்கிறது, பாவம்.

அசுவினி தேமல் நோயையும் பரப்பும், குளவி வரட்டும் என்று காத்திருக்க முடியாது என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் 2002-ல் மகாராஷ்டிரத்தின் சாங்லிப் பக்கம் கரும்பில் வெள்ளைக் கம்பளி அசுவினி கிளம்பித் தெற்கே பரவியபோது, ஆளுயரம் தாண்டிய கரும்புக்குள் புகுந்து மருந்தடிக்க யாரால் முடிந்தது? அசாமிலிருந்து கொண்டுவந்து விட்ட என்கார்சியா குளவியும் சில இரைவிழுங்கிகளும் சேர்ந்துதான் அதை அடக்கின.

அவரைக்கு அசாம் வரை போக வேண்டாம். கூடு ஒட்டிய இலை நாலைக் கிள்ளி ஜாம் பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். சில நாளில் கண்ணாடியின் உட்புறம் கறுப்புப் புள்ளிகள் நடக்கும். துணியைக் கொடிக்குப் பக்கத்தில் போய் அவிழ்த்துவிடுங்கள்.