வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்

விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் தொடங்கிவிடுகிறது. கூடையோடு அங்கு நிற்பவர்களில் பலர் பெண்கள். ஏலம் எடுத்து, பனிக்கட்டி போட்டு, ஆட்டோ பிடித்து, தெருத்தெருவாக விற்று முடித்து வீடு திரும்பும்போது மதியம் ஆகிவிடுகிறது. திருவொற்றியூரிலும் மணலியிலும் ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நாளும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது. கணவரின் சர்க்கரை மாத்திரையும் பிள்ளையின் தடுப்பூசி நாளும் இவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். தங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள்.

இந்த "நல்லாத்தான் இருக்கேன்" என்ற சொல் எத்தனை குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். பெண்களைத் தாக்கும் நோய்களில் ஒன்று, வலியே இல்லாமல் பல ஆண்டுகள் உள்ளே வளர்கிறது. அதுதான் கருப்பைவாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டுக்கான உலக அளவிலான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. சுமார் 80,000 பெண்கள் இறந்தனர். புற்றுநோய்களிலேயே முன்கூட்டித் தடுக்க மிகவும் எளிதான ஒன்றால் இவ்வளவு பேர் இறப்பதுதான் நம்மை அதிகம் வருத்துகிறது.

எண்ணூர், திருவொற்றியூர் பகுதி மக்களுக்கு ஓர் எண்ணம் உண்டு: எந்த நோய் வந்தாலும் புகையும் சாம்பலும்தான் காரணம். அந்த எண்ணத்திற்கு நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். தூய காற்றுக்கும் தூய நீருக்குமான அந்தப் போராட்டம் தொடர வேண்டும். ஆனால் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அடிப்படைக் காரணம் ஆலைப் புகை அல்ல; எச்.பி.வி. என்னும் ஒரு வைரஸ் கிருமி. இதைக் கண்டறிந்ததற்காகவே ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். ஆகவே காற்று தூய்மையாகும்வரை இதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இதைத் தடுக்கும் வழி இன்றே நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இக்கிருமி உடலுறவின் வழியாகப் பரவுகிறது. இதைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் இது ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைக் காட்டும் அளவுகோல் அல்ல. திருமணமான பெண்களில் மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கிருமி வந்து போகிறது. பெரும்பாலானவர்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதைத் தானே வென்றுவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கி, கருப்பைவாயின் செல்களைச் சிறிது சிறிதாக மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு.

அந்த இடைவெளியில் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற ஒரு திரவத்தை, பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறிய செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தெரியும். பெரிய இயந்திரமோ, மயக்க மருந்தோ தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள். தொடக்க நிலை மாற்றமாக இருந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை இல்லாமலே அந்த இடத்தைக் குளிர்வித்தோ, வெப்பத்தாலோ குணமாக்கிவிட முடியும்.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்கும் என்பதை உலகிற்கு எடுத்துக்காட்டியவர்கள் நம் தமிழகப் பெண்கள்தாம். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையத்தைத் தளமாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 30 முதல் 59 வயது வரையான சுமார் 80,000 கிராமப் பெண்கள் அதில் இடம்பெற்றனர். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் மற்ற ஊர்களைவிட இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. இதன் முடிவு 2007இல் லான்செட் இதழில் வெளியானது. அதே ஆண்டில் தமிழக அரசும் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இச்சோதனையை முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிவாக்கியது.

ஆனாலும் நிலைமை என்ன? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயது வரையான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர்தான் ஒருமுறையேனும் இச்சோதனை செய்தவர்கள். இந்திய அளவில் அது நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே.

தடை எங்கே இருக்கிறது? வடசென்னையில் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. 1880இல் தொடங்கப்பட்ட ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில்தான் இப்பகுதியின் பல தலைமுறைகள் பிறந்தன. ஸ்டான்லி மருத்துவமனையும் அருகிலேயே உள்ளது. ஆனால் பிரசவத்திற்குச் சென்ற பெண், அதன் பிறகு தனக்காக அந்தப் படியை மிதிப்பதில்லை. வெளி நோயாளிகள் பிரிவு திறந்திருக்கும் காலை நேரம்தான் அவள் மீன் விற்கும் நேரம். ஒரு நாள் கூலி போனால் அன்றைய அடுப்பு எரியாது. அடுத்தது கூச்சம். வெள்ளைப்படுதலை "உடம்புச் சூடு" என்று சொல்லி மோர் குடித்துச் சமாளிக்கிறோம். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டாலும் மகளிடம்கூடச் சொல்லத் தயங்குகிறோம்.

எனவே சில செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்வோம். 30 வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணும், எந்தத் தொல்லையும் இல்லாவிட்டாலும், இச்சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். மாதவிலக்கு இல்லாத நாளில் செல்வது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். அப்போதே மார்பகப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளலாம். இரு மாதவிலக்குகளுக்கு இடையிலோ, உறவுக்குப் பின்போ, மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகோ இரத்தம் பட்டால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டால், தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 9 முதல் 14 வயது வரையான சிறுமிகளுக்குத் தடுப்பூசி நல்ல பாதுகாப்பு. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இத்தடுப்பூசியை வழங்கத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் திட்டம் அறிவித்தது. ஊசி போட்டவர்களும் பின்னாளில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

தனியாகச் செல்லக் கூச்சமா? சுய உதவிக் குழுவிலோ, அன்பியத்திலோ நான்கு பேர் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொண்டு செல்லலாம். அன்று ஒருவர் கடையை மற்றொருவர் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு ஆண்களுக்கும் இதில் பங்கு உண்டு. "நீ போய்ட்டு வா, அடுப்பை நான் பாத்துக்கிறேன்" என்று கணவர் சொல்லும் ஒரு சொல் பாதித் தடையை நீக்கிவிடும்.

வீட்டில் எல்லாருடைய நோய்க்கும் மருந்து தேடும் பெண்ணுக்கு, ஆண்டில் ஒரு காலைப் பொழுதையாவது அவளுக்கென விட்டுக்கொடுப்போம். அந்தக் காலை இந்த மாதத்திலேயே வரட்டும்.