அளந்து எரிக்கும் விளக்கு

1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது நான் பள்ளிச் சிறுவன். ஒரு ஜாம் போத்தல், அதன் அடியிற் சிறிது பஞ்சு, பஞ்சு நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு திரி. இவற்றால் அமைந்த விளக்கின் ஒளியிலேதான் எங்கள் தலைமுறை படித்துத் தேறியது. மாலையில் எண்ணெய் வார்க்கும்போது, "இன்றிரவுக்கு இவ்வளவுதான்" என்று அம்மா கூறுவார். அது தீருமுன் பாடத்தை முடித்தல் வேண்டும். அளவறிந்து எரிக்கும் அப்பழக்கத்தை வளர்ந்தபின் நான் மறந்ததையும், அம்மறதிக்கு என் அக்கா குடும்பம் கொடுத்த விலையையும் இங்கே எழுதுகின்றேன். சூரிய ஒளியால் வீட்டுக்கு மின்சாரம் பெற எண்ணுவோருக்கு இது பயன்படக்கூடும்.

அக்காவும் அத்தானும் வன்னியில் ஒரு தோட்டக் காணியில் வாழ்கின்றனர். அங்கே மின்கம்பி வரவில்லை. அத்தான் நீரிழிவு நோயாளர். அவருடைய இன்சுலின் மருந்து குளிர்சாதனப்பெட்டியில் இருத்தல் வேண்டும். 2019இல் தமது பணிக்கொடைப் பணத்தில் ஒரு பங்கைச் செலவிட்டுக் கூரையிற் சூரியத் தட்டுக்களையும், கீழே இரண்டு ஈயச் சேமிப்புக்கலங்களையும் அவர் அமைத்தார். ஆலோசனை கூறியவன் பௌதிகவியல் ஆசிரியனாகிய நான். இரண்டாண்டு கழிந்து, ஒரு கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் விடாமழை பெய்தது. மூன்றாம் இரவு குளிர்சாதனப்பெட்டி நின்றது. விடிந்ததும் மருந்தை எறியவேண்டியதாயிற்று. கலங்களோ பின்னர் வெயில் வந்தும் தேறவில்லை.

நான் சென்று மூடிகளைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஈயத் தகடுகள் நீருக்கு வெளியே தலைகாட்டின, மேலெல்லாம் வெண்பொருக்கு. "தம்பி, குறைந்தபோதெல்லாம் கிணற்றுத் தண்ணீர் விட்டேனே. அதுவும் தண்ணீர்தானே?" என்றார் அத்தான். என்னால் தலைநிமிர முடியவில்லை. வகுப்பிலே ஆண்டுதோறும் நான் படிப்பிக்கும் பாடத்தை வீட்டிலே சொல்லாமல் விட்டவன் நானல்லவா?

கணக்கே முதற்படி

பலரும் கடைக்குச் சென்று, "எத்தனை தட்டு வாங்கலாம்?" என்று கேட்கின்றனர். அதற்கு முன் தமது வீட்டைக் கேட்டல் வேண்டும். ஒவ்வொரு கருவியின் வாற்று அளவையும், அது நாளொன்றுக்கு இயங்கும் மணியையும் பெருக்கிக் கூட்டுக. அக்கா வீட்டுக் கணக்கு இது: 9 வாற்று விளக்கு நான்கு, 5 மணிநேரம், 180 வாற்று மணி, 60 வாற்று மின்விசிறி ஒன்று, 8 மணிநேரம், 480, தொலைக்காட்சி 150, தொலைபேசிகளுக்கு 40, சிறிய குளிர்சாதனப்பெட்டிக்கு ஏறக்குறைய 1000. மொத்தம் 1850. கம்பியிலும் கருவியிலும் வீணாவதற்குக் காற்பங்கு கூட்டினால் 2300 ஆகிறது. அஃதாவது 2.3 அலகு.

நமது வெயிலில் 1000 வாற்றுத் தட்டுக்கள் நல்ல நாளில் 4 அலகளவு தரும்; மாரிகாலத்தில் அதிற் பாதியும் ஐயமே. ஆகவே சித்திரை வெயிலை நம்பித் தட்டு வாங்குபவன் மார்கழியில் இருளில் இருப்பான். மின்னழுத்தி, மின்கேத்தில் முதலிய வெப்பம் தருங் கருவிகளை இவ்வமைப்பிற் சேர்க்காதிருப்பதே நன்று. குளிர்சாதனப்பெட்டியும் நீர்ப்பம்பியும் புறப்படும் கணத்திற் பன்மடங்கு மின்னை இழுப்பவை; இன்வேட்டரை அதற்கேற்பத் தெரிக.

இன்னொன்றையும் கேட்டு வாங்குதல் வேண்டும். பொது மின்வலையோடு இணைந்து, சேமிப்புக்கலமின்றி இயங்கும் அமைப்பு, வலை நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியிற் பணிபுரியும் ஊழியரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, கூரையிலே வெயில் எரிய, வீட்டிலே விசிறி நின்றதைக் கண்டு வியந்தோர் பலர்.

வெயிலும் காற்றும்

தட்டுக்கள் தெற்கு நோக்கிப் பத்துப் பாகையளவு சாய்ந்திருப்பது நமது பகுதிக்கு ஏற்றது. தென்னோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் முழுத் தட்டின் வலுவும் வெகுவாகக் குறையும். சோழகக் காற்று வீசும் கரையோரங்களிலும் தீவுகளிலும் காற்றாடியும் துணைசெய்யும். எழுவைதீவில் சூரியன், காற்று, டீசல் மூன்றும் சேமிப்புக்கலங்களோடு சேர்ந்து இயங்கும் சிறு மின்வலை அமைக்கப்பட்டது. ஆனால் காற்றின் வேகம் பாதியானால் அதன் வலு எட்டிலொன்றாகும். மரஞ்செறிந்த வன்னிக் காணிக்குக் காற்றாடி பொருந்தாது.

கலமே களஞ்சியம்

சிலிக்கன் சூரியக்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. ஈயச் சேமிப்புக்கலமோ 1859இல் பிரான்சிய அறிஞர் பிளாந்தே கண்டது. மூத்ததற்கே பராமரிப்பு மிகுதி. 12 வோல்ற்று, 150 அம்பியர் மணிக் கலம் 1800 வாற்று மணியைக் கொள்ளும். எனினும் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறுகும். வெறுமையாய்க் கிடக்கவிட்டால் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். அத்தானின் இரு கலங்களும் தரத்தக்கது 1800. ஒரு நாள் தேவை 2300. மழைநாளுக்கு அங்கே கையிருப்பு ஏது? நான்கு கலங்கள் வாங்கும்படி நான் சொல்லியிருத்தல் வேண்டும்.

இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலத்தில் எண்பது வீதம் எடுக்கலாம், நீர் வார்க்க வேண்டியதில்லை, ஆயுளும் அதிகம். முதல்விலை கூடியது. அதற்குரிய மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்தமாக இருத்தல் வேண்டும்.

ஈயக்கலம் வைத்திருப்போர் மாதமொருமுறை மூடியைத் திறந்து பார்க்க. காய்ச்சி வடித்த நீரையே வார்க்க. கிணற்று நீரிலே சுண்ணாம்பு முதலிய உப்புக்கள் உண்டு. கேத்திலின் அடியிற் படிவதைக் கண்ட இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழுதும் மின்னேறியபின்பே நீர் வார்த்தல் முறை. ஆனால் தகடு வெளித் தெரிந்தால் அது மூழ்குமளவு முன்னரே வார்க்க. அமிலம் ஒருபோதும் வார்க்கலாகாது. மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவருவதால், காற்றோட்டமுள்ள இடத்தில், பூசையறை விளக்குக்கும் அடுப்புக்கும் அப்பால் கலங்களை வைக்க. பழுதான கலத்தை வளவில் உடைக்க வேண்டாம். ஈயமும் அமிலமும் கிணற்றைச் சேரும். தட்டுக்களைக் காலையில், வெயில் ஏறுமுன், வெறும் நீரும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தல் போதும்.

இப்போது அக்கா வீட்டில் நான்கு புதிய கலங்கள் இருக்கின்றன; பாதிச் செலவு என்னுடையது. சுவரிலே ஒரு கொப்பி தொங்குகின்றது. அந்தியில் அக்கா மானியைப் பார்த்து வோல்ற்று அளவை அதில் எழுதுவார். இறங்கு முகமாயிருந்தால் தொலைக்காட்சி அன்று இல்லை. விசிறியும் பாதி இரவுக்கே. குளிர்சாதனப்பெட்டி மட்டும் நிற்பதில்லை. "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. ஆதவன் கணக்கின்றி அள்ளித் தருகின்றான். அளப்பது நமது கடன்.

சென்ற கார்த்திகையில் நான் அங்கே தங்கியிருந்தேன். வெளியே அடைமழை. அக்கா கொப்பியை மூடிவிட்டு, "இன்றிரவுக்கு இவ்வளவுதான், தம்பி" என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். அடுக்களையில் குளிர்சாதனப்பெட்டியின் மெல்லிய இரைச்சல் விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.