தூது கேட்டுத் துருசு திறக்கும் கலங்கள்

துருசு திறக்கும்வரை இரணைமடுவின் நீர் குளத்திலேயே கிடக்கிறது. கட்டளை வந்த பின்னரே வயலை நாடுகிறது. வன்னி மாணாக்கருக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை. நம் உடலின் கலங்களும் இவ்வாறே. எல்லாப் புரதங்களையும் ஆக்கும் குறிப்புகள் கருவினுள் இருந்தும், தூது வந்தாலன்றிப் பல திறக்கப்படுவதில்லை.

அத்தூதுகளுள் ஒன்று இன்ரபெரோன். 1957இல் இலண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் ஆகிய இருவரும் அதனைக் கண்டு பெயரிட்டனர். அதன் உறவான காமா இன்ரபெரோனை வெண்குழியங்கள் வெளிவிடுகின்றன. என்பும் கொழுப்பும் ஆகவல்ல மூலக்கலங்கள் சில என்புமச்சையில் உள. காமா இன்ரபெரோன் அவற்றின் மேற்பரப்பிலுள்ள வாங்கியைத் தொட்டதும், உள்ளிருக்கும் ஸ்ராட்-1 என்னும் புரதம் கருவினுட் சென்று, குறித்த பரம்பரை அலகுகளை இயக்குகிறது. அதுவரை அரிதாயிருந்த நொதியம் ஒன்று அப்போது பெருகி, திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது. அஃதின்றி வெண்குழியங்களுள் ஒருவகையான ரீ-கலங்கள் பெருக இயலா. கூக்குரல் கேட்டு வந்தவனே கூட்டத்தை அமர்த்திவிடுகிறான்!

இதனாற் பயன் என்ன? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெறும் என்புமச்சை மாற்றுச் சிகிச்சையை நம்மவர் அறிவர். அத்தகைய சிகிச்சையின் பின், கொடையாளியின் ரீ-கலங்கள் சிலவேளை நோயாளியின் குடலையும் ஈரலையுமே தாக்கும். சுவீடன் நாட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவ்வாறு நேர்ந்தபோது, மருத்துவர் லே பிளாங் குழுவினர் தாயின் மச்சைக் கலங்களைச் செலுத்த, அத்தாக்குதல் தணிந்தது. இது 2004இல் வெளியான செய்தி. ஆயினும் பிற்காலச் சோதனைகளிற் சிலருக்குப் பயன் கிட்டிற்று, பலருக்குக் கிட்டவில்லை. ஸ்ரீரோயிட்டு மருந்துக்கு இந்நோய் அடங்காத சிறுவர்க்கு இத்தகைய கலங்களை வழங்க அமெரிக்கா அனுமதித்தது 2024 டிசெம்பரிலேதான். வயலை ஈடுவைத்து, எந்நோயையும் மூலக்கலம் தீர்க்கும் என்னும் விளம்பரத்தை நாடும் குடும்பங்கள் இந்த இருபது ஆண்டுக் காத்திருப்பைக் கருதுதல் நன்று.

நோயாளியின் உடலில் தூது குறைந்தாற் கலங்கள் வாளாவிருக்கலாம் எனக் கருதிய ஆய்வாளர், அவற்றை முன்கூட்டியே இன்ரபெரோனில் ஊறவைத்துப் பார்க்கின்றனர். இங்கும் ஒரு சிக்கல். அதே தூது, தாம் எவருடையவை என்பதைக் காட்டும் அடையாளப் புரதங்களையும் கலத்தின் மேற்பரப்பிற் பெருக்கிவிடுகிறது. பெறுபவரின் உடல் அவற்றை அயலார் என இனங்கண்டு அழிக்க அது வழிவகுக்கலாம். ஒரு துருசை மட்டும் திறந்து மற்றையதை மூடிவைக்கும் வழியை ஆய்வுகூடங்கள் தேடுகின்றன.