மாயாஜாலப் படங்களைச் சிறு குழந்தைகள் பார்க்கலாமா?

குழந்தைகள் பிரிவுக்கு வரும் பெற்றோர், காய்ச்சலையும் இருமலையும் பற்றிப் பேசி முடித்து எழுந்திருக்கும் வேளையில் தயக்கத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பூதம், சூனியக்காரி எல்லாம் வருகிற படம் பார்க்கிறான் டாக்டர், இரவில் அலறி எழுகிறான். காட்டலாமா, கூடாதா?"

காட்டலாம் என்பதே என் விடை. ஆயினும், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொறுத்தவரை, எந்தப் படம் என்பதற்கு இணையாக வேறு இரண்டையும் கவனிக்க வேண்டும்: படம் ஓடும்போது அருகில் யார் அமர்ந்திருக்கிறார், குழந்தை வேண்டாமென்றால் உடனே நிறுத்த முடிகிறதா?

மாயக் கதை நமக்குப் புதிதன்று. வாழவந்தி நாட்டிலிருந்தும் கொல்லிமலையின் பிற ஊர்களிலிருந்தும் வரும் குடும்பங்களுக்குக் கொல்லிப்பாவையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்ற அந்தப் பாவை, தன் சிரிப்பால் மயக்கி உயிரைக் கவர்ந்துவிடும் என்பது கதை. இதைவிட அச்சமூட்டும் கற்பனையை எந்தத் திரைப்படமும் காட்டிவிடவில்லை. இருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். பாட்டி கதை சொல்லும்போது பேரனின் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். உதடு துடித்தால் பாவையைச் சற்றே சாதுவாக்கிவிடுவார். கண் சொருகினால் மீதியை நாளைக்கு ஒத்திவைப்பார். திரையில் ஓடும் படத்திற்கு இந்த இரக்கம் கிடையாது. எதிரே இருப்பது நான்கு வயதுக் குழந்தையா நாற்பது வயதுத் தந்தையா என்று அதற்குத் தெரியாது.

சிறு குழந்தையின் மனம் மாயத்தை எவ்வாறு வாங்கிக்கொள்கிறது என்பதை அறிய உதவும் பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1969-இல் வெளியானது. அமெரிக்க உளவியலாளர் ரீட்டா டெவ்ரீஸ், மேனார்டு என்ற சாதுவான பூனையை மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் காட்டித் தடவச் செய்தார். பிறகு அதன் தலைப்பகுதியை மட்டும் மறைத்து, நாயின் முகமூடியை மாட்டினார். வால் முழு நேரமும் குழந்தைகளின் கண்முன்னேதான் இருந்தது. ஆனால் முகமூடியைக் கண்ட மூன்று வயதுக் குழந்தைகளில் பலர், அது இப்போது நாயாகிவிட்டது, கடிக்கும் என்றே நம்பினர். ஆறு வயதினரில் பெரும்பாலோர் அவ்வாறு ஏமாறவில்லை. 1986-இல் ஸ்பார்க்ஸ், கேன்டர் ஆகியோர் செய்த ஆய்வும் இதையே காட்டியது. சாதாரண மனிதன் பச்சை நிற ராட்சதனாக மாறும் 'ஹல்க்' தொடரில், அவன் நல்லவன், உதவ வந்தவன் என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. பள்ளி செல்லாத சிறியவர்களோ அவன் தோற்றத்தைக் கண்டே அஞ்சினர்.

ஆகவே நான்கு வயதுக் குழந்தையிடம் "அது நிஜமில்லை, வெறும் வேஷம்" என்று விளக்குவதால் பெரிய பயன் விளைவதில்லை. அணைத்துக்கொள்ளுதல், சிறிது தண்ணீர் கொடுத்தல், பிடித்த பொம்மையைக் கையில் தருதல் ஆகியவையே அந்த வயதில் பலன் தருகின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் போதும். ராட்சதனின் பல் எப்படிச் செய்யப்பட்டது என்று சொன்னால் அச்சம் வியப்பாகிவிடும். மருத்துவமனையில் முகக்கவசமும் பச்சை அங்கியும் அணிந்த எங்களைக் கண்டு சிறு குழந்தைகள் கதறுவதற்கும் மேனார்டு பூனையின் கதையே பெருமளவு காரணம். பிள்ளையை அதட்ட வேண்டா. முகத்தைக் காட்டிப் பேசிய பிறகு கவசம் அணியுமாறு எங்களிடம் தயங்காமல் கூறுங்கள்.

படங்களுக்கு வருவோம். 1957-இல் வந்த 'மாயா பஜார்' இன்றும் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் படம். எஸ். வி. ரங்காராவின் கடோத்கஜன் உருவத்தில் ராட்சதன்தான். ஆனால் திருமண விருந்தை அவன் ஒருவனே விழுங்கித் தீர்க்கும் காட்சியில் அஞ்சும் பிள்ளையை நான் கண்டதில்லை. அதைத் தயாரித்த நாகி ரெட்டியும் சக்கரபாணியுமே 'அம்புலிமாமா' இதழையும் 1947-இல் தொடங்கியவர்கள் என்பது பொருத்தமே. 1984-இல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். பெயரைக் கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். கதையிலோ அந்தச் சாத்தான் பிள்ளைகளின் தோழன்.

எனக்குக் கவலை தருவது வேறு வகை. பக்திப் படம் என்ற நம்பிக்கையில் 'அம்மன்' (1995) போன்ற படங்களின் முன் கைக்குழந்தையையும் அமர்த்திவிடுகிறோம். மந்திரவாதியின் கொடுமைகளும் இரைச்சலும் நிறைந்த அக்காட்சிகள், இறுதியில் தெய்வம் வெல்லும் என்பதை அறியும் வயதினருக்கே தாங்கக்கூடியவை. தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 'யு/ஏ' பிரிவு 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அது தடையன்று, பெற்றோருக்கான வழிகாட்டுதல். கைபேசியில் ஓடும் துண்டுக் காணொளிகளுக்கு அந்த வழிகாட்டுதலும் இல்லை.

வலிப்பு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போகிமான்' தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விரைந்து மாறி மின்னிய காட்சியைப் பார்த்து, ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். வலிப்புள்ள எல்லாக் குழந்தைகளும் ஒளிக்கு இவ்வாறு பாதிக்கப்படுவதில்லை. உங்கள் பிள்ளை எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படம் பார்க்கும்போது அறையில் விளக்கு எரியட்டும். திரையிலிருந்து தள்ளி அமரட்டும்.

உலக சுகாதார நிறுவனமும் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டா என்றும், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமலும் என்றும் கூறுகின்றன. வார்டில் தங்கியிருக்கும் நாட்களில் இதைக் கடைப்பிடிப்பது கடினம் என்பதை அறிவேன். இரவெல்லாம் விழித்திருக்கும் தாய் ஒருவர், பிள்ளை அழாதிருக்கக் கைபேசியைக் கொடுத்தால் அவரைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில் மட்டுமாவது புதிய மாயப் படம் எதையும் காட்டாதீர்கள். ஏற்கெனவே பார்த்துச் சிரித்த படமே நல்லது. முடிவு தெரிந்த கதையில் குழந்தை பாதுகாப்பாக உணர்கிறது. ஒரே படத்தைப் பத்து முறை கேட்பதும், மறுநாள் தானே பூதமாகி உங்களைத் துரத்துவதும் அந்த அச்சத்தைக் குழந்தை தன் கைக்குள் கொண்டுவரும் வழிகள். துரத்தினால் ஓடுங்கள்.

அச்சம் சில வாரங்களைக் கடந்தும் நீடித்தால், நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பினால், உறங்கவோ பள்ளி செல்லவோ பிள்ளை தொடர்ந்து மறுத்தால், குழந்தைகள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். எந்தப் படம், எந்தக் காட்சி என்பதையும் குறித்து வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.