சமவெளி மறைத்ததைக் குன்று சொன்னது

பொழுது புலர்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பரங்கிமலைப் படிகளில் மூவர் ஏறிக்கொண்டிருந்தனர். திருப்பயணிகள் என்றே முதலில் எண்ணினேன். ஆனால், உச்சியை அடைந்தவுடன் அவர்கள் திரும்பிக் கீழே இறங்கினர், மறுபடியும் ஏறினர். இவ்வாறு நான்கு முறை ஏறி இறங்கியபின், முகம் கழுவி, வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றிக்கொண்டு, திருப்பலிக்கு வந்து அமைதியாக அமர்ந்தனர். திருப்பலி முடிந்ததும் அவர்களை அணுகிக் கேட்டேன்.

"விசாகப்பட்டினத்தில் மாரத்தான் ஓடப் போகிறோம், ஐயா. அங்கே சாலை ஏறி ஏறி இறங்குமாம். நம் பக்கத்தில் ஏறிப் பழகுவதற்கு இந்தப் படிகளை விட்டால் வேறு எது இருக்கிறது?" என்றார் அவர்களுள் மூத்தவர்.

அவர் மேற்குத் தாம்பரத்தைச் சேர்ந்தவர், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், வயது 61. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அதற்காக நடக்கத் தொடங்கியவர், நடை ஓட்டமாகி, ஓட்டம் ஒரு பற்றாகிவிட்டது. மற்றொருவர் சேலையூரில் வாழும் பள்ளி ஆசிரியை, இரு பிள்ளைகளின் தாய். மூன்றாமவர் பெருங்களத்தூரைச் சேர்ந்த இளைஞர். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. அவர்கள் விருப்பப்படி பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால், அவர்கள் பட்டறிவு நம் குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் பயன்படும் என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

குன்றும் கடலும்

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்ட நெடுந்தூர ஓட்டம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஓடிச் சென்று, அங்கிருந்து பாதி வழி திரும்பி வருவதற்கு ஏறத்தாழ ஒப்பானது. நம் பகுதியில் நெடுந்தூரம் ஓடிப் பழகுவோர் பெரும்பாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையையே நாடுகின்றனர். திருவான்மியூரிலிருந்து கோவளம்வரை அது உள்ளங்கைபோல் சமமாகக் கிடக்கிறது. குன்று என்று சொல்லத்தக்கவை கடலுக்குச் சற்று மேற்கே, பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரமுள்ளது. அதன்மீது ஏறும் படிகளை 18ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். திருத்தூதர் தோமாவின் நினைவைப் போற்றிச் செல்வோர்க்காக எழுந்த படிகள் இன்று ஓட்டக்காரர்களுக்கும் பயிற்சிக் களமாகியிருக்கின்றன!

விசாகப்பட்டினமோ வேறு விதம். அங்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் கடலைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வடக்கே பீமுனிப்பட்டினம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலை, ஒருபுறம் கைலாசகிரிக் குன்றும் மறுபுறம் அலைகடலுமாக வளைந்து செல்கிறது. பார்க்க அழகு, ஓடக் கடினம். கடற்படையினர் நடத்தும் மாரத்தான் இக்கடற்கரையில்தான் நடைபெறுகிறது.

ஏற்ற இறக்கமுள்ள பாதை இவ்வோட்டத்திற்குப் புதிதன்று. 1896இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானே அத்தகையதுதான். கடலருகே உள்ள மாரத்தான் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு, நெடுந்தூரம் மேடேறி, பின்னர் ஏதென்ஸை நோக்கி இறங்கும் வழி அது. 17 பேர் புறப்பட்டனர். பிரான்சு நாட்டின் லெர்முசியோ தொடக்கத்திலேயே வெகுதூரம் முந்திச் சென்றார். மேடு அவரை வீழ்த்தியது. அதன்பின் முந்திய ஆஸ்திரேலியரான ஃபிளாக்கும் முடிவு நெருங்கும் வேளையில் சாய்ந்தார். தன் வேகத்தை அறிந்து ஓடிவந்த கிரேக்கர் ஸ்பிரிதோன் லூயிஸ் 2 மணி 58 நிமிடம் 50 விநாடிகளில் முதலாவதாக வந்து சேர்ந்தார்.

ராஸ் குன்றில் ஒரு மாலை

ஓட்டத்திற்கு முந்தின நாள் சனிக்கிழமை, மூவரும் விசாகப்பட்டினம் சேர்ந்தனர். துறைமுகத்தருகே மூன்று குன்றுகள் உள்ளன. ஒன்றில் வெங்கடேசுவரர் கோயில், ஒன்றில் தர்கா, ராஸ் குன்று எனப்படும் மற்றொன்றில் அன்னை மரியாளின் ஆலயம். மறுநாள் அதிகாலையில் ஓட வேண்டியிருந்ததால், அன்று மாலையே அன்னையின் ஆலயத்திற்குச் சென்று செபித்து வரலாம் என்று புறப்பட்டனர்.

சிறிய குன்றுதான். ஆயினும் ஏறுகையில் மூத்தவர் இரண்டு இடங்களில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"என்ன அண்ணா, முடியவில்லையா?" என்று ஆசிரியை கேட்டார்.

"ஒன்றுமில்லை அம்மா. இரவெல்லாம் இரயிலில் தூக்கமில்லை. அதுதான்" என்றார் அவர்.

உண்மையில் அது புதிதன்று. பரங்கிமலையில் கடைசி நான்கு வாரங்களாக அவர் மற்றவர்களுக்குப் பின்தங்கத் தொடங்கியிருந்தார். கடற்கரைச் சாலையில் 25 கிலோமீட்டர் ஓடினாலும் துன்பம் ஏதுமில்லை. படியேறினால்தான் மூச்சு இரைத்தது. "வயதாகிறது அல்லவா?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். வீட்டில் மனைவியிடம் அதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஓட விடமாட்டார் என்ற அச்சம்!

இளைஞர் கற்றது

ஞாயிறு விடியுமுன் ஓட்டம் தொடங்கியது. கடற்காற்று இதமாக இருந்தது. இளைஞர் அம்புபோல் பாய்ந்தார். மேட்டில் இழந்த நேரத்தை இறக்கத்தில் ஈடுசெய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஒவ்வோர் இறக்கத்திலும் கால்களைத் தாவவிட்டு ஓடினார்.

"இறங்கும்போது களைப்பே தெரியவில்லை, ஐயா. அதைத்தான் நான் நம்பி ஏமாந்தேன்" என்றார் பின்னர்.

இறக்கத்தில் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தாங்கித் தடுத்து நிறுத்துபவை தொடையின் முன்புறத் தசைகள். அவை நீண்டுகொண்டே சுமை தாங்க வேண்டியிருப்பதால் நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. அப்போது வலி தெரியாது. சில மணி நேரம் கழிந்தபின்தான் தெரியும். மேலும், தசைகளிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைக்கும் சர்க்கரைப் பொருள், வேகமாக ஓடுவோர்க்கு 30 கிலோமீட்டர் அளவில் தீர்ந்துபோகக்கூடும். இரண்டும் ஒருசேர அவரைப் பிடித்தன. 31ஆவது கிலோமீட்டரில் தொடைகள் மரக்கட்டையாயின. எஞ்சிய வழியை நொண்டி நொண்டி நடந்தே கடந்தார். முதல் பாதியில் அவர் முந்திச் சென்ற பலர், தோளில் தட்டிக்கொடுத்தபடி அவரைக் கடந்து போயினர்.

ஆசிரியை கற்றது

ஆசிரியை மேடுகளில் ஓடவே இல்லை; நடந்தார். இறக்கங்களில் குறுகிய அடி வைத்து மெல்ல ஓடினார். "வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையிடம் நாம் எப்படிப் பொறுமையாக இருக்கிறோமோ, அப்படி என் கால்களிடம் இருந்தேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

ஆனால் அவருக்கும் ஒரு சோதனை வந்தது. வெயில் ஏற ஏற, தண்ணீர் வழங்கும் இடங்கள் ஒவ்வொன்றிலும், தாகம் இல்லாதபோதும், இரண்டு மூன்று குவளை குடித்தார். 28ஆவது கிலோமீட்டரில் வயிறு உப்பியது, தலை வலித்தது, குமட்டியது. தண்ணீர் குறைந்ததால் வந்த களைப்பு என்று எண்ணி மேலும் குடிக்கப் போனவரை, அங்கிருந்த மருத்துவ உதவியாளர் தடுத்து, சற்று உட்கார வைத்து, தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கும்படி அறிவுறுத்தினார்.

மிகுதியான தண்ணீர் இரத்தத்திலுள்ள உப்பின் அளவைக் குறைத்துவிடும்; உயிருக்கே கேடாகலாம். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினர்க்கு உப்பின் அளவு குறைந்திருந்தது என்று 2005இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. மெதுவாக ஓடி, நெடுநேரம் சாலையில் இருப்போர்க்கே இவ்வாபத்து மிகுதி. ஆசிரியை அரைமணி நேரம் ஓய்ந்தபின் மெல்ல எழுந்து, முடிவுக் கோட்டைக் கடந்தார்.

மூத்தவர் நின்ற இடம்

மூத்தவர் முதல் 20 கிலோமீட்டரை எளிதாகவே கடந்தார். அதன்பின் வந்த மேட்டில் மூச்சு முட்டியது. மார்பில் வலி இல்லை. ஏதோ ஓர் இறுக்கம், கீழ்த்தாடைவரை பரவியது. நின்றார், சரியாயிற்று. இறக்கத்தில் ஓடினார், துன்பமில்லை. அடுத்த மேட்டில் மீண்டும் அதே இறுக்கம்.

"மூன்றாவது மேடு எதிரே தெரிந்தது. அதற்கப்பால் கடல் மின்னிக்கொண்டிருந்தது. ஆறு மாத உழைப்பு, ஐயா. பேரனிடம் பதக்கம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால், முந்தின நாள் ராஸ் குன்றில் நின்றது நினைவுக்கு வந்தது. பரங்கிமலையில் நின்றதும் நினைவுக்கு வந்தது. மூன்று குன்றுகளும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்."

மருத்துவக் குழுவினர் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினர். சோதனையில் இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் ஒன்றில் பெரும் அடைப்பு இருப்பது தெரியவந்தது. இரண்டு நாளில் அடைப்பை நீக்கி, குழாயில் ஸ்டென்ட் பொருத்தினர். அந்த மூன்றாவது மேட்டில் ஏறியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தாம்பரத்திலிருந்து விரைந்து வந்த மனைவி கட்டிலருகே அமர்ந்து, "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்று மட்டும் கேட்டாராம். "42 கிலோமீட்டரையும் ஓடிவிடலாம், ஐயா. அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் முடியவில்லை" என்றார் அவர்.

குன்று எப்படிச் சொல்லியது?

சமதரையில் நிதானமாக ஓடும்போது, குறுகிய குழாய் வழியே வரும் இரத்தமும் இதயத்திற்கு ஒருவாறு போதுமானதாயிருக்கும். மேடேறும்போது உடலின் முழு எடையையும் உயர்த்த வேண்டும். இதயம் மேலும் வலிந்து உழைக்க வேண்டும். அப்போது பற்றாக்குறை வெளிப்பட்டுவிடுகிறது. ஓய்ந்தால் மறைந்துவிடுகிறது. அதனால்தான் நாமும் ஏமாந்துவிடுகிறோம்.

மருத்துவமனையில் செய்யும் டிரெட்மில் சோதனையும் இதே முறையில் அமைந்ததுதான். அமெரிக்க மருத்துவர் இராபர்ட் புரூஸ் வகுத்த முறைப்படி, ஓடும் பட்டையின் வேகமும் சாய்வும் 3 நிமிடத்திற்கு ஒருமுறை கூட்டப்படுகின்றன. ஒரு சிறு குன்றை அறைக்குள் கொண்டுவந்து, நம்மை அதில் ஏறச் செய்து, இதயம் என்ன சொல்கிறது என்று கேட்கின்றனர்! சர்க்கரை நோயுள்ளோர்க்கு நரம்புகள் தளர்ந்திருப்பதால், இதய நோயிலும் மார்பு வலி தோன்றாமலே இருக்கலாம். மூச்சு இரைப்பும் புதிதாக வந்த களைப்புமே அவர்களுக்கு எச்சரிக்கை மணி.

ஆகவே, ஓடுவது தவறு என்று சொல்ல வரவில்லை. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்திற்கும் நடையும் ஓட்டமும் நல்ல மருந்துகளே. ஆயினும் 40 வயதைக் கடந்தோரும், சர்க்கரை நோய் உள்ளோரும், குடும்பத்தில் இதய நோய் கண்டோரும் கடும் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரைக் கண்டு அறிவுரை பெறல் வேண்டும். ஓடாதோர்க்கும் இதில் பாடம் உண்டு. மாரத்தானுக்குப் போகாவிட்டாலும் நம் வீடுகளில் மாடிப்படி இருக்கிறது. இரயில் நிலையத்தில் மேம்பாலம் இருக்கிறது. நேற்றுவரை தடையின்றி ஏறிய படியில் இன்று உங்கள் தந்தையோ தாயோ நின்று மூச்சு வாங்கினால், "வயதாகிவிட்டது" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு வாளாவிருந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வயதில் மூத்தோரே, நீங்களும் மறைக்காதீர்கள். நம் உடல்நலம் நமக்கு மட்டும் உரியதன்று. நம்மை நம்பி வாழ்வோர்க்கும் அதில் பங்குண்டு.

அண்மையில் ஒரு ஞாயிறன்று பரங்கிமலைக்குச் சென்றிருந்தேன். மூத்தவர் படிகளை மெல்ல ஏறிக்கொண்டிருந்தார், மருத்துவர் இசைவுடன். இம்முறை மனைவியும் உடன் வந்திருந்தார். இடையில் ஓரிடத்தில் இருவரும் நின்றனர்.

"மூச்சு வாங்குகிறதா?" என்று மனைவி கேட்டார்.

"இல்லை, உனக்காகத்தான் நின்றேன்" என்றார் அவர்.

"உண்மையைச் சொல்லுங்கள்!"

"உண்மைதான். இப்போதெல்லாம் உன்னிடம் ஒன்றையும் மறைப்பதில்லையே!"

மேலே திருப்பலிக்கான மணி ஒலித்தது. இருவரும் கைகோத்து எஞ்சிய படிகளை ஏறினர்.