ஒப்பந்தம் முடிந்த வாடகை வீடு: எப்போது காலி செய்யச் சொல்லலாம்?

பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். 12-வது மாதம் பிறந்தால் யாரும் புதுப்பிப்பதில்லை. வாடகை மட்டும் மாதாமாதம் கைமாறுகிறது. இப்படியே சில வருடம் ஓடிய பிறகு, “மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க” என்று வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னால் போய்விட வேண்டுமா?

வேண்டியதில்லை. காலவரையறை இல்லாத குடியிருப்பை 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 106-வது பிரிவில் மாதவாரி வாடகையாகக் கருதுகிறது. முடித்துக்கொள்ள விரும்புகிறவர் யாரானாலும் 15 நாள் அவகாசம் கொடுத்து, எழுத்தில், கையெழுத்திட்டு நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு. எழுதிய தேதியிலிருந்து அல்ல. ஆகவே தபால் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை மாதத்தின் கடைசி நாளோடு நோட்டீஸ் முடிய வேண்டும் என்ற பழைய சிக்கலை 2002 இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் நீக்கிவிட்டது.

வீட்டுக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கெடு முடிந்த பிறகும் பழையபடி வாடகையை வாங்கிக்கொண்டால், நோட்டீஸைக் கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும்.

தமிழகத்தில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பத்திரப் பதிவைத் தவிர்க்கத்தான் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். இந்தப் பதிவுக்கு அந்த வழி உதவாது. புதுப்பிக்காத ஒப்பந்தம், அதே நிபந்தனைகளில் அதிகபட்சம் ஆறு மாதம்தான் நீளும். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றம் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருப்பவருக்கு இது பெரிய ஆபத்து என்பதே என் கருத்து. குடியிருப்பு முறைப்படி முடிந்தும் காலி செய்யாதவர், முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும், அதன் பிறகு நான்கு மடங்கும் இழப்பீடாகத் தர நேரிடும்.

அதற்காக, பூட்டை மாற்றுவதற்கோ கரண்டையும் தண்ணீரையும் நிறுத்துவதற்கோ வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். முடிந்திருந்தால் இந்த மாத வாடகையைக் கொடுக்கும்போதே புதுப்பிக்கச் சொல்லிக் கேளுங்கள்.