உலர்தலும் காற்றும்

ஐப்பசித் திங்களில் நமது விடுதியின் மேற்றளத்துக் கொடிகளைக் கண்டோர் யாவரும் ஒன்றை அறிவர். நேற்றுக் காலையில் பிழிந்து போட்ட வேஷ்டி இன்று மாலையிலும் தொட்ட கையை நனைக்கும். அதே வேஷ்டி ஆடித் திங்களில், வெயிலே படாத தாழ்வாரத்தில் கிடப்பினும், ஒரு முற்பகலில் மொடமொடவென்று உலர்ந்துவிடும். ஆகவே, ஈரத்தைப் போக்குவது வெயிலே என்று நாம் கருதுவது பாதி உண்மையேயாம்.

ஈரத்துணியினின்று நீர் இடைவிடாது ஆவியாய் வெளியேறுகின்றது. காற்றிலுள்ள ஆவியிலும் ஒரு பகுதி துணிக்கு மீள்கின்றது. போவது மிகுந்து மீள்வது குறைந்தாலன்றித் துணி உலராது. நீர்ப்பரப்பிலுள்ள ஆவியின் அழுத்தத்திற்கும் சுற்றியுள்ள காற்றிலுள்ள ஆவியின் அழுத்தத்திற்கும் வேற்றுமை எத்துணைப் பெரிதோ, அத்துணை விரைவாக நீர் ஆவியாகும் என்று ஜான் டால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1802-ஆம் ஆண்டளவில் எடுத்துக் காட்டினார். வெப்பம் இவ்வேற்றுமையைப் பெருக்குகின்றது. 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியையே தாங்கும். 30 டிகிரியிலோ 30 கிராம் வரையில் தாங்கும். ஐப்பசியில் அக்காற்று முன்னமே நிரம்பியிருத்தலின் துணியின் ஈரத்திற்கு இடமில்லை. ஆடிக்காற்றோ மேற்குமலையில் மழையை உகுத்துவிட்டு வறண்டு இறங்குவது.

காற்று அசையாவிடின் துணியைப் போர்த்தாற்போல் ஈரக்காற்றின் மெல்லிய படலம் ஒன்று தங்கிவிடுகின்றது. வீசுங் காற்று அதனை அகற்றிப் புதுக்காற்றைக் கொணர்கின்றது. என் அறைத்தோழர் ஒருவர் மழைநாளில் சன்னல்களை யெல்லாம் அடைத்து, இரவு முழுதும் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தம் துணிகளை உலர்த்த முயன்றார். விடியலில் துணியும் உலரவில்லை. புத்தகங்களும் ஈரம் பிடித்தன! சுழன்றது அவ்வறைக்குள் அடைபட்ட ஈரக்காற்றேயன்றோ?

மேலும், அரை லிட்டர் நீரைச் சுமந்த வேஷ்டி உலர்வதற்குச் செலவாகும் வெப்பம், நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. வெயில் இல்லாவிடத்து அதனைப் பெரும்பாலும் சுற்றியுள்ள காற்றே தருதல் வேண்டும். ஈரத்துணி குளிர்ந்திருப்பதும், மண்பானை நீர் தண்ணென்றிருப்பதும் இதனாலேயே.

துணி உலராவிடின் நமக்கு ஒருநாட் சங்கடம். நெல் உலராவிடின் உழவனுக்கு ஒரு போகத்தின் உழைப்பு போயிற்று. குறுவை அறுவடை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு வந்து சேர்கின்றது. அறுத்த நெல்லில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரையில் ஈரம் உண்டு. சேமித்து வைக்க 14 பங்குக்கு மிகலாகாது. அரசினர் கொள்முதலிலும் பொதுவிதி 17 பங்கே. ஈரநெல்லைக் குவித்து வைத்தால் அது உயிர்த்துத் தானே சூடேறும், பூஞ்சை பற்றும், நிறம் மாறும், முளையும் விடும். தார்ச்சாலைகளில் நெல் பரப்பப்பட்டிருப்பதைக் கண்டு சினக்கும் வண்டிக்காரர் இதனை எண்ணுவாராக.

ஆயினும் நெல்லைத் துணிபோல் விரைந்து உலர்த்தலாகாது. மேலீரம் காற்றோடு எளிதிற் போம். உள்ளீரமோ அரிசியின் நடுவினின்று மெல்ல மெல்லவே வெளிவரும். கடுவெயிலில் புறம் வறண்டு சுருங்க, அகம் ஈரமாய் நிற்பின் அரிசியில் வெடிப்புண்டாகிறது. ஆலையில் அது நொய்யாய் உடைகின்றது. இதனால்தான் களத்தில் நெல்லை இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்திற்கே பரப்பி, அரைமணிக்கொருமுறை காலால் அளைந்து கொடுத்தல் வேண்டும். உச்சிப்பொழுதில் குவித்து மூடி வைப்பதும் சோம்பலன்று; அவ்விடைவேளையில் உள்ளீரம் புறத்தே பரவுகின்றது.

விதைநெல்லுக்கு இன்னும் மிகுந்த கவனம் வேண்டும். ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூடேறின் அதன் முளைக்கும் ஆற்றல் குன்றும். ஆதலின் அதனை நண்பகலில் வெயிலுக்குக் காட்டாது, காலையிலும் மாலையிலும் காற்றோட்டமுள்ள இடத்திற் பரப்பி உலர்த்துதலே தக்கது.